யாமக் காவலன்: உலோக நஞ்சும் மெலட்டோனினும்

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் பகலையும் இரவையும் முறையே காட்டும் பெரும்பாட்டு. அங்காடிகள் அடைக்கப்பெற்று ஊர் முழுதும் உறங்கிய நள்ளிரவில், கள்வரைத் தேடித் தெருத்தெருவாகச் சுற்றிவரும் ஊர்க்காவலரையும் மாங்குடி மருதனார் அதில் பாடியுள்ளார். ஊரார் அறியாமலே அவர்தம் உறக்கத்தைக் காத்தவர் அக்காவலர்.

நம் உடலிலும் இத்தகைய யாமக் காவல் ஒன்று நாள்தோறும் நடைபெறுகிறது. பொழுது சாய்ந்து இருள் சூழ்ந்ததும் மூளையின் நடுவே அமைந்த மிகச்சிறு சுரப்பியொன்று விழித்தெழுகிறது. விடியும் வரை தன் சுரப்பினைக் குருதியில் கலந்துகொண்டே இருக்கிறது. பகலொளி பட்டதும் அடங்கிவிடுகிறது. அச்சுரப்பின் பெயர் மெலட்டோனின். உறக்கத்தை அழைத்து வருவது என்பதே அதனைப் பற்றிப் பலரும் அறிந்த செய்தி. காரீயம், பாதரசம், காட்மியம், ஆர்செனிக் முதலிய நச்சு உலோகங்கள் உயிரணுக்களுக்கு இழைக்கும் கேட்டினைத் தணிக்கவும் அது வல்லது என்பது, கடந்த சில பத்தாண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்துவரும் செய்தி.

இக்காவல் எவ்வாறு நடைபெறுகிறது, அஃது எவ்வளவு தூரம் செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் ஆகிய மூன்றினையும் எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தோல் பதனிடும் தொழிலும் உலோகத் தொழிலும் நடைபெறும் ஊர்களிலிருந்து மாணவர் பலர் கல்லூரிக்கு வருகின்றனர். அவர்தம் இல்லங்களுக்கு இப்பொருள் அயலானதன்று.

கன உலோகங்கள்

இரும்பு, செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் சிறிய அளவில் நம் உடலுக்கு இன்றியமையாதவை. இரும்பு இல்லையேல் குருதியின் சிவப்பணு இல்லை. துத்தநாகம் இல்லையேல் பல நொதிகள் இயங்கா. ஆனால் காரீயம், பாதரசம், காட்மியம் ஆகியவற்றிற்கு உடலில் யாதொரு பணியும் இல்லை. ஆர்செனிக் வேதியியல் முறைப்படி உலோகப்போலி எனினும் நச்சுத்தன்மை கருதி இவற்றோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

இவ்விடத்தில் சொற்குறிப்பு ஒன்று தேவைப்படுகிறது. தமிழில் ஈயம் என்னும் சொல் இரு உலோகங்களைக் குறிக்கும். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. நம் அன்னையர் ரசம் வைக்கப் பயன்படுத்திய ஈயச்செம்பு வெள்ளீயத்தால் ஆனது; விருந்துச் சமையலுக்குரிய செப்புத் தேக்சாவின் உட்புறம் பூசப்படுவதும் வெள்ளீயமே. விலை மலிவு கருதி அதனோடு காரீயத்தைக் கலந்துவிடின், அமுது ஆக்கும் கலமே நஞ்சு ஊட்டும் கலமாகிவிடும். முன்னோர் இரண்டிற்கும் வெவ்வேறு அடைமொழி கொடுத்துப் பிரித்து வழங்கினர். நாமோ வாங்கும் இடத்தில் அவ்வேறுபாட்டை மறந்துவிடுகிறோம்.

உலோக நஞ்சின் கொடுமையை இருபதாம் நூற்றாண்டு பலமுறை கண்டது. ஜப்பான் நாட்டு மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் 1956ஆம் ஆண்டு கை கால் நடுக்கமும் பேச்சுக் குழறலும் உடைய புதுநோய் ஒன்று பதிவு செய்யப்பட்டது. வேதித் தொழிற்சாலையின் கழிவுநீர் வழியே விரிகுடாவில் கலந்த பாதரசச் சேர்மம் மீன்களில் சேர்ந்து, மீனை உண்ட மக்களின் நரம்புகளை அழித்தது. அந்நாட்டிலேயே ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவின் காட்மியம் நெல்வயல்களில் பாய்ந்தது. அச்சோற்றை உண்டவரின் எலும்புகள் நொறுங்கின. நோயாளிகள் வலி தாளாமல் அரற்றிய ஒலியே 'இத்தாய் இத்தாய்' என்று அந்நோய்க்குப் பெயராயிற்று. மேற்கு வங்காளத்திலும் வங்காள தேசத்திலும் ஆழ்குழாய்க் கிணறுகளின் நீரில் இயற்கையாகவே கரைந்துள்ள ஆர்செனிக் கோடிக்கணக்கான மக்களை அச்சுறுத்தி வருகிறது.

நம் மாநிலத்துப் பாலாற்றுப் பகுதியும் இவ்வரிசையில் எண்ணத்தக்கதே. முன்னர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட ஊர்கள் பின்னர்க் குரோமிய உப்புகளுக்கு மாறின. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் கழிவுநீர் பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்குரிய விலை கொடுத்தல் வேண்டும் என்னும் நெறியை நாட்டின் சட்டமாக நிறுவியது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்று விட்டுச் சென்ற கழிவுக் குவியல் மட்டும் இலட்சம் டன்னுக்கு மேற்பட்டது.

நஞ்சு செயற்படும் விதம்

இவ்வுலோகங்கள் உடலைக் கெடுக்கும் வழிகள் பலவாயினும் மூன்றில் அவற்றை அடக்கலாம்.

முதலாவது, ஆள் மாறாட்டம். காரீயம் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தைப் போல நடித்து எலும்பிலும் நரம்பிலும் இடம் பிடிக்கிறது. காட்மியம் துத்தநாகத்தின் இருக்கையில் அமர்ந்துகொள்கிறது. எலும்பில் புகுந்த காரீயமும் சிறுநீரகத்தில் புகுந்த காட்மியமும் பல்லாண்டுகள் வெளியேறுவதில்லை.

இரண்டாவது, பாதுகாப்புப் பொருளைக் கவர்தல். நம் உயிரணுக்களில் குளூட்டத்தயோன் என்னும் சிறு மூலக்கூறு உண்டு. அதில் உள்ள கந்தகப் பகுதியே அதன் ஆற்றல். பாதரசம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவை கந்தகத்தை நாடிப் பற்றிக்கொள்ளும் இயல்பின. எனவே அவை புகுந்த உயிரணுவில் குளூட்டத்தயோன் செலவழிந்து, அவ்வுயிரணு படைக்கலம் இழந்த வீரனைப்போல் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, தனியுறுப்புகளைப் பெருக்குதல். மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் இணை இணையாகவே இருக்கும். இணையிழந்த எலெக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறு தனியுறுப்பு எனப்படும். அஃது அடுத்திருக்கும் மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்துத் தன் குறையை நிரப்பிக்கொள்ளும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். இவ்வாறு உயிரணுவின் கொழுப்புச் சவ்வு, புரதம், மரபுப்பொருளாகிய டி.என்.ஏ. என ஒவ்வொன்றாகச் சிதையும். தனியுறுப்புகளுள் மிகக் கொடியது ஹைட்ராக்சில் எனப்படுவது.

காரீயத்தைச் சான்றாகக் கொண்டால் இம்மூன்றும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பது தெளிவாகும். குருதிச் சிவப்பணுவுக்குரிய ஹீம் என்னும் பொருளை உடல் பல படிகளில் ஆக்குகிறது. அவற்றுள் ஒரு படிக்குரிய நொதியைக் காரீயம் முடக்கிவிடுகிறது. அதனால் ஹீம் குறைந்து சோகை உண்டாகிறது. அதனோடு அமையாது, அடுத்த படிக்குச் செல்ல இயலாத அமினோலெவுலினிக் அமிலம் உடலில் தேங்குகிறது. தேங்கிய அவ்வமிலம் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து தனியுறுப்புகளை ஈனுகிறது. பெருக்கெடுக்கும் தனியுறுப்புகள் மூளை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்குகின்றன. வளரும் குழந்தையின் மூளையே இத்தாக்குதலுக்கு மிக எளிதில் இரையாகிறது. காரீயத்தில் கேடற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்று உலக நல்வாழ்வு நிறுவனம் கூறுவதன் காரணம் இதுவே.

மெலட்டோனின் கண்டறியப்பட்ட வரலாறு

மூளையின் நடுவே பைன் மரக்காய் வடிவில் அமைந்திருத்தலால் அச்சுரப்பி பினியல் எனப்பட்டது. தமிழில் கூம்புச் சுரப்பி என்பர். பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மெய்யியலார் தெக்கார்த்து, உயிர் உறையும் இடம் அதுவே எனக் கருதினார். பின்வந்தோர் அதனைப் பயனற்ற எச்சம் எனத் தள்ளினர்.

1917ஆம் ஆண்டு மெக்கார்டு, ஆலன் என்னும் இரு அறிஞர், மாட்டின் கூம்புச் சுரப்பிச் சாற்றினைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கருந்தோல் வெளுத்தது. அந்நிறமாற்றத்தின் காரணத்தை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் நெடுநாள் தேடினார். வெண்புள்ளி போன்ற தோல்நிறக் குறைகளுக்கு மருந்து காண்பதே அவரது நோக்கம். ஏராளமான மாட்டுச் சுரப்பிகளிலிருந்து 1958ஆம் ஆண்டு அப்பொருளை அவரும் அவர்தம் குழுவினரும் பிரித்தெடுத்தனர். கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் செரட்டோனின் என்னும் பெயரையும் இணைத்து மெலட்டோனின் எனப் பெயரிட்டனர். தோல் நோய்க்கு மருந்து தேடிச் சென்றவர், இரவின் தூதனைக் கண்டு திரும்பினார்.

உணவிலுள்ள டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து செரட்டோனினும், செரட்டோனினிலிருந்து மெலட்டோனினும் உண்டாகின்றன. கண்ணின் விழித்திரை ஒளியை உணர்ந்து மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள உடற்கடிகைக்கு அறிவிக்கிறது. அக்கடிகை நரம்பு வழியே கூம்புச் சுரப்பிக்குக் கட்டளை இடுகிறது. இருளில் சுரப்பு உயரும், ஒளியில் தாழும். இரவிலும் கண்ணில் வல்லொளி பட்டால் மனிதரின் மெலட்டோனின் சுரப்பு தாழ்ந்துவிடும் என்பதை லூயி என்பாரும் அவர்தம் தோழர்களும் 1980இல் மெய்ப்பித்தனர். படுக்கைக்கு முன் வீட்டு விளக்கின் வெளிச்சத்தில் இருப்பதே அச்சுரப்பின் நேரத்தை ஏறத்தாழ ஒன்றரை மணி குறைக்கிறது என 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

நம் பொருளுக்கு மிக வேண்டிய ஆண்டு 1993. டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் ரைட்டர், டான் ஆகியோர் அடங்கிய ஆய்வுக்குழு, மெலட்டோனின் ஹைட்ராக்சில் தனியுறுப்பை நேரே அழிக்கும் ஆற்றலுடையது என அவ்வாண்டு அறிவித்தது. அன்றுமுதல் அது காலம் காட்டும் ஹார்மோனாக மட்டும் கருதப்படாமல், உயிரணுக்களின் காவற்பொருளாகவும் ஆராயப்படலாயிற்று.

காக்கும் முறைகள்

உலோக நஞ்சுக்கு எதிராக மெலட்டோனின் நான்கு வகையில் செயற்படுவதாக ஆய்வாளர் கூறுவர்.

ஒன்று, தனியுறுப்புகளை நேரே தணித்தல். மெலட்டோனின் தன்னிடமுள்ள எலெக்ட்ரானை ஈந்து தனியுறுப்பின் குறையை நிரப்புகிறது. வைட்டமின் சி போன்ற பொருள்கள் இவ்வாறு ஈந்தபின் மீண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். மெலட்டோனினோ, ஈந்தபின் வேறொரு சேர்மமாக மாறுகிறது. அச்சேர்மமும் தனியுறுப்பைத் தணிக்க வல்லது. அதிலிருந்து தோன்றுவதும் அவ்வாறே. ஒரு காவலர் வீழ்ந்த இடத்தில் அவர் மைந்தர் வாளேந்தி நிற்பதை இஃது ஒக்கும்.

இரண்டு, உடலின் சொந்தப் படையைப் பெருக்குதல். குளூட்டத்தயோனை ஆக்கும் நொதியையும், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டத்தயோன் பெராக்சிடேஸ் முதலிய காப்பு நொதிகளையும் அது தூண்டுகிறது. உலோகம் பறித்த படைக்கலத்தை மெலட்டோனின் மீண்டும் வடித்துத் தருகிறது எனலாம்.

மூன்று, உலோகத்தையே பற்றுதல். தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 1998இல் மின்வேதி முறையில் சோதித்து, மெலட்டோனின் அலுமினியம், காட்மியம், செம்பு, இரும்பு, காரீயம், துத்தநாகம் ஆகியவற்றோடு பிணைப்பு கொள்கிறது எனக் கண்டனர். கண்ணாடிக் கலத்தில் கண்ட இப்பிணைப்பு, உடலினின்று உலோகத்தை வெளியேற்றும் அளவுக்கு வலியது என்று இதனால் கொள்ளலாகாது.

நான்கு, தடையின்றிச் செல்லுதல். கொழுப்பிலும் நீரிலும் கலக்கவல்லதாகையால் மெலட்டோனின் உயிரணுச் சவ்வினைக் கடந்து, ஆற்றல் உலையாகிய மைட்டோகாண்ட்ரியா வரை செல்கிறது. பல மருந்துகளால் கடக்க இயலாத குருதி–மூளைத் தடுப்பையும் கடக்கிறது. காரீயமும் பாதரசமும் மூளையையே குறிவைப்பன ஆதலின் இப்பண்பு பெரிதும் கருதத்தக்கது.

ஆய்வுகள் காட்டுவன

மேற்கூறியவை கோட்பாடுகள். உயிருள்ள உடலில் அவை எவ்வாறு மெய்ப்பட்டன என்பதற்குச் சில ஆய்வுகளைச் சுட்டலாம்.

காரீயம் தேக்கிவைக்கும் அமினோலெவுலினிக் அமிலத்தை முன்பே கண்டோம். அவ்வமிலத்தால் எலிகளுக்கு விளையும் ஆக்சிஜனேற்றக் கேட்டை மெலட்டோனின் குறைத்தது என அர்ஜென்டினா நாட்டு ஆய்வாளர் 1998இல் வெளியிட்டனர். 2005இல் எகிப்து நாட்டு ஆய்வாளர், காரீய அசிட்டேட் கொடுக்கப்பட்ட ஆண் எலிகளின் கல்லீரலும் சிறுநீரகமும் சிதைவதையும், மெலட்டோனினும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட எலிகளில் அச்சிதைவு குறைந்து குளூட்டத்தயோனும் காப்பு நொதியும் மீள்வதையும் கண்டனர்.

மினமாட்டா நோயை விளைத்த மெத்தில் பாதரசத்தைப் பற்றி ஜப்பானின் டோஹோக்கு பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டு ஆராய்ந்தனர். அந்நஞ்சு கொடுக்கப்பட்ட சுண்டெலிகளுள் மெலட்டோனின் பெற்றவற்றின் இறப்பு குறைந்தது. ஆர்செனிக் நீரால் வருந்தும் மாநிலத்தின் தலைநகரிலே, கல்கத்தா பல்கலைக்கழக ஆய்வாளர் 2005, 2006ஆம் ஆண்டுகளில் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளும் இத்தகைய நன்மையையே காட்டின.

குரோமியம் பற்றிய ஆய்வு நமக்கு நெருக்கமானது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மூவிணைதிறன் உடையது. அது ஆறிணைதிறன் குரோமியத்தை நோக்கக் கொடுமை குறைந்தது எனினும், ஹைட்ரஜன் பெராக்சைடு உடனிருந்தால் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தும். சான் அந்தோனியோ குழுவினர் 2000ஆம் ஆண்டு சோதனைக் குழாயில் இச்சேதத்தை உண்டாக்கி, மெலட்டோனின், வைட்டமின் சி, வைட்டமின் இ வகைச் சேர்மம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். ஏனைய இரண்டையும்விட மிகக் குறைந்த அளவிலேயே மெலட்டோனின் அச்சேதத்தைத் தடுத்தது.

சுரப்பியை இழந்தால் என்ன நேரும் என்பதையும் சோதித்துள்ளனர். கூம்புச் சுரப்பி அகற்றப்பட்ட எலிகள் முதுமையடைந்தபோது, அகற்றப்படாத எலிகளைக் காட்டிலும் அவற்றின் திசுக்களில் ஆக்சிஜனேற்றச் சேதம் மிகுந்திருந்ததை 1999இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இரவுதோறும் இயல்பாகச் சுரக்கும் சிற்றளவும் வீணன்று என்பது இதனால் பெறப்படும்.

காவலின் எல்லை

இவற்றைப் படித்தவர் மனத்தில், 'அங்ஙனமாயின் மெலட்டோனின் மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் போதாதா?' என்னும் வினா எழுவது இயல்பே. மேலைநாடுகளில் 1995ஆம் ஆண்டளவில் இம்மாத்திரையை அருமருந்தாகப் போற்றிய நூல்களும் இதழ்களும் பெருகின. ஆகவே அவ்வினாவுக்கு நேர்மையான விடை கூறுதல் கடமையாகும்.

முதற்கண் அளவை நோக்குவோம். எலி ஆய்வுகளில் பெரிதும் கையாளப்படுவது, உடலெடை கிலோ ஒன்றுக்கு 10 மில்லிகிராம் என்னும் அளவு. இதனை 60 கிலோ எடையுள்ள மனிதர்க்கு நேரே பெருக்கினால் 600 மில்லிகிராம் ஆகும். எலியின் உடலியக்க விரைவைக் கருதி, மருந்தியலார் கையாளும் முறைப்படி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 100 மில்லிகிராம் வரும். கடைகளில் கிடைக்கும் மாத்திரையோ பெரும்பாலும் 1 முதல் 5 மில்லிகிராம். நம் சுரப்பி ஓர் இரவில் தருவதோ ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆதலின் எலிக்கு நேர்ந்த நன்மை மாத்திரையால் நமக்கும் நேரும் என்று எதிர்பார்த்தல் கணக்கறியாமையாகும்.

இரண்டாவது, காலம். இவ்வாய்வுகளுள் மிகப்பலவற்றில் மெலட்டோனின் நஞ்சுக்கு முன்னரோ நஞ்சுடன் சேர்த்தோ கொடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் எலும்பில் படிந்த காரீயத்தோடு மருத்துவரிடம் வரும் தொழிலாளியின் நிலை வேறு.

மூன்றாவது, மனிதச் சான்று. உலோக நஞ்சுக்கு மெலட்டோனினே மருந்து என்று கூறத்தக்க வகையில் மனிதரிடையே பெருஞ்சோதனைகள் இன்னும் நிறுவவில்லை. அந்நஞ்சுக்கு மருத்துவம் இன்றும் இரண்டே: நஞ்சின் ஊற்றுக்கண்ணை அகற்றல், அளவு மிகுந்தவிடத்து உலோகத்தைப் பற்றி வெளியேற்றும் மருந்து கொடுத்தல். நண்டு தன் கொடுக்கால் பற்றுவதைப்போல் உலோகத்தைப் பற்றுதலால் அவை கொடுக்கிணைப்பு மருந்துகள் எனப்படும். அவற்றையும் மருத்துவர் மேற்பார்வையில் அன்றிக் கொள்ளலாகாது.

நான்காவது, மாத்திரையின் நம்பகம். கனடா நாட்டில் விற்கப்பட்ட 31 வகை மெலட்டோனின் பொருள்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மேலுறையில் குறித்த அளவினும் 83 விழுக்காடு குறைந்தனவும், நான்கு மடங்கிற்கு மேல் மிகுந்தனவும் இருந்தன. குருதி உறையாமைக்கு மருந்து உண்போரும், கருவுற்ற மகளிரும், குழந்தைகளும் இதனை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளுதல் தகாது.

காவலன் வலியவனே, ஆயினும் அவன் வாயிற்கதவு ஆகான். உள்ளே புகுந்த பகைவர் சிலரை இரவில் எதிர்கொள்ள அவனால் இயலும். திறந்து கிடக்கும் கதவின் வழியே பகலெல்லாம் நுழையும் படையை அவன் ஒருவனால் தடுத்தல் இயலாது.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே இவ்வாய்வுகள் நமக்கு உணர்த்தும் கடமை இரண்டு: கதவை அடைத்தல், காவலனை உறங்கவிடாதிருத்தல்.

கதவை அடைத்தலைக் கூறுவோம். காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல் நின்றது. இஃது அரசுகள் அடைத்த பெருங்கதவு. இல்லத்துச் சிறு கதவுகளை நாமே அடைத்தல் வேண்டும். கண்ணுக்கு இடும் சுருமா அவற்றுள் ஒன்று. அஞ்சனக்கல் என விற்கப்படுவனவற்றுள் பல உண்மையில் காரீயத்தின் கந்தகச் சேர்மமே. பிரிட்டனில் குடியேறிய ஆசியக் குடும்பத்துக் குழந்தைகளின் குருதியில் காரீயம் மிகுந்ததற்குச் சுருமாவே காரணம் என்பதை அந்நாட்டு மருத்துவர் 1970களிலேயே எடுத்துக்காட்டினர். பெரியோர் வழக்கத்தை மதித்தல் வேறு. கடையில் பெயரற்ற பொட்டலத்தை வாங்கிக் கைக்குழந்தையின் கண்ணில் தீட்டுதல் வேறு. காரீயம் அற்றது எனச் சோதித்தறியப்படாத சுருமாவைக் குழந்தைகளுக்கு இடாதிருத்தலே அறிவுடைமை.

மஞ்சளும் அவ்வாறே. நிறம் கூட்டுதற்பொருட்டுக் காரீயக் குரோமேட்டை மஞ்சளில் பூசும் வழக்கம் வங்காள தேசத்தில் 2019இல் ஆய்வாளரால் வெளிப்படுத்தப்பட்டது. அரசு தண்டம் விதித்துக் கண்காணித்ததும் இரண்டே ஆண்டுகளில் சந்தைகளில் அது மறைந்துபோயிற்று. அறிவும் ஆட்சியும் கைகோத்தால் கதவு விரைவில் அடைபடும் என்பதற்கு இது நல்ல சான்று. ஈயம் பூசுவோரிடம் தூய வெள்ளீயமே பூசக் கேட்டல், பழைய மின்கலங்களை வீட்டு முற்றத்தில் உடைத்து உருக்காதிருத்தல், வேலைத்தலத்து உடையை மாற்றிக் கை கால் கழுவியபின் குழந்தையைத் தூக்குதல் ஆகியவையும் பொருட்செலவு அதிகமில்லாத காப்புகளே. இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையின் குடல் காரீயத்தை மிகுதியாக ஈர்க்கும். கீரை, கேழ்வரகு, பால் முதலியவை நிறைந்த உணவு அவ்வீர்ப்பைக் குறைக்கும்.

அடுத்து, காவலனைக் காத்தல். படுக்கையறை இருண்டிருத்தல் வேண்டும். விடுதியில் நள்ளிரவு கடந்தும் கைப்பேசித் திரையின் நீலவொளியைக் கண்ணருகே ஏந்தியிருக்கும் மாணவர், தம் காவலனைத் தாமே பணிநீக்கம் செய்கின்றனர்.

மாணவர்க்கு அது விருப்பத்தின்பாற்பட்டது, தொழிலாளிக்கு அவ்வாறன்று. உலோகப் புகையும் தூசும் மிக்க தொழிற்கூடங்களிலும் இரவுப்பணி உண்டு. அங்கே வல்லொளியின்கீழ் விடிய விடிய நிற்பவர்க்கு நஞ்சின் வரவும் மிகுதி. அந்நஞ்சை எதிர்க்கும் சுரப்பும் குறைவு. காவல் யாருக்கு மிகத் தேவையோ அவரிடமிருந்தே அது பறிக்கப்படுகிறது. உடற்கடிகையைக் குலைக்கும் இரவுப்பணி புற்றுநோய்க்குக் காரணமாதல் கூடும் என்று உலக நல்வாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் அறிவித்து, 2019இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. எனவே நச்சு உலோகம் கையாளும் இடங்களில் இரவுப்பணியைச் சுருக்குதல், காற்றோட்டமும் முகக்கவசமும் அளித்தல், ஆண்டுதோறும் குருதியில் உலோக அளவை ஆய்தல் ஆகியவை தொழிலாளர்க்கு இடும் பிச்சையல்ல, அவர்தம் உரிமை. தொழில் நடத்தும் பெரியோர் பலர் இம்மலரைப் படிப்பர் ஆதலின் இதனை அழுத்தமாகக் கூற விழைகிறோம்.

முடிவுரை

தவளைக் குஞ்சின் தோல் வெளுத்ததில் தொடங்கிய தேடல், இரவின் சுரப்பு ஒன்று உலோக நஞ்சோடு போரிடுவதைக் காணும் அளவுக்கு வளர்ந்துள்ளது. மெலட்டோனின் தனியுறுப்புகளைத் தணிக்கிறது. காப்பு நொதிகளைத் தூண்டுகிறது. மூளை வரை செல்கிறது. விலங்குகளில் இவை ஐயமறக் காணப்பட்டன. மனிதர்க்கு அதனை மருந்தாக்கும் முயற்சி இன்னும் நெடுவழி செல்ல வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பவை எளியவை. சமைக்கும் கலத்தையும் குழந்தையின் கண்ணுக்கு இடும் மையையும் ஒருமுறை ஐயுற்று ஆராய்வோம். தொழிற்கூடத்தின் கழிவு ஆற்றைச் சேருமுன் தடுப்போம். விளக்கை அணைத்து உரிய காலத்தில் உறங்குவோம். மதுரைத் தெருக்களில் காவலர் திரிந்தனர் என்பதற்காக அந்நகர மக்கள் தம் வீட்டுக் கதவுகளைத் திறந்துபோட்டு உறங்கவில்லை. கதவையும் அடைத்தனர், காவலரையும் போற்றினர். நாமும் அங்ஙனமே செய்வோமாக.